புதிய மெத்தை வாங்குவது எப்படி? கடை கடைசியில் வரட்டும்

மெத்தை வாங்கப் போகும் பலருக்குத் துணையாகப் போயிருக்கிறேன். நானே இரண்டு முறை தவறான மெத்தையை வாங்கி, வருடக்கணக்கில் அதில் புரண்டவன்தான். நான் பார்த்தவரை மெத்தையில் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். முதலில் 'மெமரி ஃபோமா, லேடெக்ஸா' என்று பட்டிமன்றம் நடத்துகிறார்கள். அப்புறம் கடைக்குப் போகிறார்கள். கட்டிலின் அளவும், படுப்பவரின் எடையும், படுக்கும் விதமும் பில் போடும் நேரத்தில்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். கீழே உள்ள படிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யுங்கள். தேவையானவை: ஒரு அளவு டேப், கட்டிலின் அகலத்துக்கு எட்டும் நேரான கம்பு (மாப் கம்பு போதும்), ஒரு ஸ்கேல், செல்போன் கேமரா, ஒரு நோட்டு. ஒரு வாரம் அவகாசமும் வேண்டும்.

1. குற்றவாளி மெத்தைதானா என்று பாருங்கள்

விரிப்பையெல்லாம் எடுத்துவிட்டு, இடுப்பு படும் இடத்துக்கு மேலே மெத்தையின் குறுக்கே கம்பை வையுங்கள். கம்புக்கும் மெத்தைக்கும் நடுவே உள்ள பள்ளத்தை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 2 செ.மீ.க்கு மேல் பள்ளம் இருந்தால், அதில் படுக்கும்போது உங்கள் எடையும் சேர்ந்து இன்னும் ஆழமாகும்.

அடுத்து, மெத்தையைத் தரையில் போட்டு அதே இடத்தை மறுபடி அளங்கள். பள்ளம் காணாமல் போனால் பழுது மெத்தையில் இல்லை, கட்டிலில். சட்டம் வளைந்திருக்கும், அல்லது நடுக்கால் தேய்ந்திருக்கும். அந்தக் கட்டிலின் மேல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெத்தையைப் போட்டாலும் அது சில மாதங்களில் அதே வடிவத்துக்கு வளைந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் புது மெத்தை வந்து நாலே மாதத்தில் 'இதுவும் பள்ளம்' என்று புலம்பினார்கள். குனிந்து பார்த்தால் கட்டிலின் நடுச்சட்டத்தில் கீறல்.

வலியையும் ஒரு வாரம் கவனியுங்கள். காலையில் எழும்போது இருந்து, நடமாடத் தொடங்கி அரைமணி, ஒரு மணி நேரத்தில் விட்டுப்போகிற வலி என்றால் மெத்தையின் மேல் சந்தேகப்படலாம். வெளியிடத்தில் தூங்கிய நாட்களில் அந்த வலி இல்லை என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். நாள் முழுக்க விடாத வலி, காலுக்கு இறங்கும் வலி, மரத்துப்போவது ஆகியவற்றுக்கு முதலில் மருத்துவரிடம் போங்கள்.

2. கட்டிலையும் வாசலையும் அளங்கள்

கட்டிலின் வெளி அளவை எடுப்பது பலரும் செய்யும் தவறு. மெத்தை உட்காரும் உள் அளவுதான் வேண்டும். நீளம், அகலம் இரண்டையும் இரண்டிரண்டு இடங்களில் அளங்கள். மரக்கட்டில்களில் தலைப்பக்கத்துக்கும் கால்பக்கத்துக்கும் ஒரு விரல் வித்தியாசம் இருப்பது சகஜம். சிறிய எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நீளம், வீட்டிலேயே உயரமானவரின் உயரத்தைவிட 15 செ.மீ. கூடுதலாக இருக்கட்டும். தலையணை தலையைக் கீழே தள்ளும் இடத்தையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அகலத்தில் ஆளுக்கு 75 செ.மீ.க்குக் குறைந்தால் ஒருவர் புரளும்போது மற்றவர் விழிப்பார்.

உயரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கட்டிலும் மெத்தையும் சேர்ந்த உயரம், ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் படியும்படி இருக்க வேண்டும். வயதானவர்களுக்கு இதுதான் முதல் அளவு. 25 செ.மீ. தடிமனான மெத்தையை ஏற்கெனவே உயரமான கட்டிலில் போட்டுவிட்டு, இரவில் எழுந்திருக்க ஸ்டூல் தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கட்டிலின் மேல்பரப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டைகள் இடைவெளி விட்டு அடித்திருந்தால், இடைவெளி 7 செ.மீ.க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் போனால் ஃபோமும் லேடெக்ஸும் அந்தச் சந்துகளில் பிதுங்கித் தொய்யும். இடைவெளியே இல்லாத முழுப் பலகை என்றால் காற்றோட்டத்துக்குத் துளைகள் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் வியர்வையின் ஈரம் அடியில் தங்கிப் பூசணம் பிடிக்கும்.

கடைசியாக மாடிப்படித் திருப்பம், லிஃப்ட், அறைவாசல். சுருட்டி வரும் ஃபோம் மெத்தைக்குக் கவலை இல்லை. சுருட்டாமல் வரும் பெரிய ஸ்பிரிங் மெத்தையை மடக்க முடியாது; மடக்கினால் கம்பி வளைந்துவிடும்.

3. யார், எப்படிப் படுக்கிறார்கள் என்று எழுதுங்கள்

'நான் நேராகத்தான் படுப்பேன்' என்று சொல்பவர்களில் பாதிப்பேர் விடியும்போது ஒருக்களித்துக் கிடப்பார்கள். தூங்கப் போகும் நிலையைவிட, கண் விழிக்கும் நிலையே உண்மையைச் சொல்லும். நான்கைந்து நாள் காலையில் எழுந்ததும் நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் படுப்பவரைக் கேட்டாலும் தெரிந்துவிடும், கொஞ்சம் கேலியோடு.

ஒவ்வொருவரின் எடையையும் எழுதுங்கள். ஒரே மெத்தை 50 கிலோ ஆளுக்குப் பலகைபோல இருக்கும். 100 கிலோ ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும். 'நண்பன் சொன்னான்' என்று வாங்குகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். நண்பனின் எடை வேறு.

இவற்றோடு வேறு மூன்று விஷயங்கள்: இரவில் அதிகம் வியர்க்கிறதா? பக்கத்தில் இருப்பவர் அசைந்தால் விழிப்பு வருகிறதா? புரண்டு படுக்க, எழுந்திருக்கச் சிரமம் உண்டா?

கைக்குழந்தைக்கு மட்டும் கணக்கு வேறு. அதற்குச் சமதளமான, நன்றாகக் கெட்டியான மெத்தைதான். மெத்துமெத்தென்ற எதுவும் மூச்சை அடைக்கக்கூடும். தொட்டில்கட்டிலின் ஓரத்துக்கும் மெத்தைக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் இடம் இருக்கக் கூடாது.

4. எவ்வளவு கெட்டி வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பொருளுக்கு முன்னால் இது. ஏனென்றால் ஏறக்குறைய எல்லாப் பொருளிலும் மெதுவான மெத்தையும் உண்டு, கெட்டியானதும் உண்டு. 'லேடெக்ஸ் நல்லது' என்று மட்டும் முடிவு செய்துவிட்டுப் போனால் பாதிக் கேள்வி அப்படியே நிற்கிறது.

ஒருக்களித்துப் படுக்கும்போது தோளும் இடுப்பெலும்பும்தான் வெளியே நீட்டி நிற்கின்றன. மெத்தை ரொம்பக் கெட்டியாக இருந்தால் எடை முழுவதும் அந்த இரண்டு இடங்களில் இறங்கும், இடையில் இருக்கும் இடுப்புமடிப்பு அந்தரத்தில் தொங்கும். காலையில் தோள் வலி, கை மரத்தல் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. எனவே இவர்களுக்கு மேல்பகுதி சற்று அமுங்க வேண்டும்.

மல்லாந்து படுப்பவருக்கு நடுத்தரக் கெட்டி. முதுகின் கீழ்வளைவு நிரம்ப வேண்டும், இடுப்பு இறங்கக் கூடாது. குப்புறப் படுப்பவருக்கு இன்னும் கெட்டி வேண்டும். உடலின் கனமான பகுதி வயிறும் இடுப்பும். மெத்தை மெதுவாக இருந்தால் அவை உள்ளே போய் முதுகு வில்லாக வளைந்துவிடும்.

இந்த முடிவை எடையை வைத்துத் திருத்துங்கள். ஏறத்தாழ 60 கிலோவுக்குக் கீழ் என்றால் ஒரு படி மெது. 100 கிலோவைத் தாண்டினால் ஒரு படி கெட்டி, கூடவே தடிமனும் கொஞ்சம் அதிகம்.

'முதுகுவலிக்குக் கெட்டியான மெத்தைதான்' என்ற பேச்சை நம்பி பலகைபோன்ற மெத்தையை வாங்கியவன் நான். 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு ஆய்வில், நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேருக்குக் கெட்டியான மெத்தையோ நடுத்தரக் கெட்டி மெத்தையோ கொடுத்து 90 நாள் பார்த்தார்கள். நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கே வலி அதிகமாகக் குறைந்தது. ஆகவே குழப்பமாக இருந்தால் நடுவில் இருந்து தொடங்குங்கள். 'ஆர்த்தோ' என்று அட்டையில் போட்டிருப்பதற்கு உலகம் முழுக்கப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. பல இடங்களில் அந்தச் சொல்லுக்கு 'கெட்டி' என்பதைத் தாண்டிப் பொருள் இல்லை. கெட்டித்தன்மைக்கு 10-க்கு 6, 7 என்று போடும் எண்ணும் அப்படித்தான். ஒரு கம்பெனியின் 6 இன்னொன்றின் 8-ஆக இருக்கலாம்.

இருவருக்கும் தேவை எதிரும்புதிருமாக இருந்தால் நடுவில் சமரசம் செய்து இருவரும் கஷ்டப்பட வேண்டாம். ஒரே உயரத்தில் இரண்டு ஒற்றை மெத்தைகளை ஒட்டிப் போட்டு, மேலே ஒரே விரிப்பை விரிக்கலாம்.

5. அப்புறம்தான் பொருள்

சாதா ஃபோம்: எடை குறைவு, விலையும் பெரும்பாலும் குறைவு. தரம் அடர்த்தியில் இருக்கிறது. அதைப் பற்றி அடுத்த படியில்.

மெமரி ஃபோம்: உடல் சூட்டில் இளகி, உடலின் வடிவத்துக்கு இறங்கும். ஒருவரின் அசைவைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கடத்தாது. தோள் வலிக்காரர்களுக்கு இதமானது. ஆனால் சூட்டைப் பிடித்துவைக்கும், குளிர்ந்த அறையில் கெட்டியாகும். ஜெல் கலந்தது என்றால் படுத்ததும் குளுமையாக இருக்கும். உடல்சூடு ஏறியபின் அந்த வித்தியாசம் குறைந்துவிடும். புரளும்போது குழியிலிருந்து ஏறுவதுபோல இருப்பதால், எழுந்திருக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு இதை நான் சொல்வதில்லை.

லேடெக்ஸ்: இது ரப்பர் ஃபோம். அமுக்கினால் இறங்கும், கையெடுத்தால் உடனே எழும். புரள்வது சுலபம், நீடித்து உழைக்கும். கனம்தான் தொல்லை, விரிப்பு மாற்றவே இரண்டு பேர் வேண்டியிருக்கும். 'இயற்கை லேடெக்ஸ்' என்று எழுதியிருந்தாலும் செயற்கை கலந்ததா, எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது.

ஸ்பிரிங்: காற்று நன்றாகப் போகும், வியர்ப்பவர்களுக்கு ஏற்றது. சுருள்கள் ஒன்றோடொன்று கம்பியால் பிணைந்த பழைய வகையில் ஒருவர் அசைந்தால் மெத்தையே அசையும். ஒவ்வொரு சுருளையும் தனித்தனித் துணிப்பையில் வைத்துத் தைப்பது பாக்கெட் ஸ்பிரிங். இருவர் படுப்பதற்கு இதைத்தான் பார்க்க வேண்டும். சுருள் எண்ணிக்கையைச் சொல்லி மயக்குவார்கள். ஒரே அளவுள்ள இரண்டு மெத்தைகளை ஒப்பிடும்போது மட்டுமே அந்த எண்ணுக்கு அர்த்தம். கம்பியின் கேஜ் எண் பெரிதானால் கம்பி மெல்லியது என்பதையும் நினைவில் வையுங்கள், பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அடியில் ஸ்பிரிங், மேலே ஃபோமோ லேடெக்ஸோ வைத்தது ஹைப்ரிட்.

தென்னைநார் மெத்தை: ரப்பர் பாலில் நனைத்து அழுத்திய நார். கெட்டியாக இருக்கும், காற்று போகும். மல்லாந்து படுப்பவர்களுக்குச் சரி. ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு மேலே ஒரு மெதுவான அடுக்கு இல்லாமல் ஒத்துவராது.

6. விவர அட்டையைப் படியுங்கள்

அடர்த்தி வேறு, கெட்டித்தன்மை வேறு. இதை ஒரு முறை புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். அது எத்தனை நாள் தாங்கும் என்பதைக் காட்டும். அதிக அடர்த்தியில் மெதுவான ஃபோமும் உண்டு, குறைந்த அடர்த்தியில் கெட்டியானதும் உண்டு. கடையில் கெட்டியாகத் தெரிந்து ஒரே வருடத்தில் குழி விழுவது பெரும்பாலும் இந்தக் கடைசி ரகம்தான்.

தினமும் படுக்கும் மெத்தைக்கு, சாதா ஃபோமில் 30-க்குக் கீழே நான் பார்ப்பதில்லை. மெமரி ஃபோமில் 50-க்குக் கீழ் வேண்டாம். ஆனால் ரீபாண்டட் ஃபோமில் இந்தக் கணக்கு செல்லாது. அது துண்டு ஃபோம்களைப் பசை போட்டு அழுத்தியது. 80, 100 என்று அடர்த்தி சொல்வார்கள். பெரிய எண்ணைப் பார்த்து உயர்ந்த சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு அடுக்கும் என்ன பொருள், எத்தனை செ.மீ., என்ன அடர்த்தி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். '20 செ.மீ. மெமரி ஃபோம் மெத்தை' என்பதில் மெமரி ஃபோம் வெறும் 2 செ.மீ. இருந்து, மிச்சமெல்லாம் சாதா ஃபோமாக இருப்பது சர்வசாதாரணம்.

சொன்ன அடர்த்தி உண்மையா என்று பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. முழு ஃபோம் மெத்தைக்கு மட்டும் இது பொருந்தும். நீளம், அகலம், தடிமன் மூன்றையும் மீட்டரில் பெருக்குங்கள். 1.9 × 1.5 × 0.2 என்றால் 0.57 கன மீட்டர். அடர்த்தி 32 என்கிறார்கள் என்றால் 0.57 × 32, சுமார் 18 கிலோ. மேலுறைக்கு ஒன்றிரண்டு கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். பெட்டியில் எடை 13 கிலோ என்று போட்டிருந்தால் எங்கேயோ இடிக்கிறது. ஒரு கடையில் இந்தக் கணக்கைச் செல்போனில் போட்டுக் காட்டியதும், விற்பனையாளர் 'அது மேல் அடுக்கோட அடர்த்தி சார்' என்றார். சரி, அப்படியானால் அதை அப்படித்தானே சொல்லியிருக்க வேண்டும்?

ஃபோம், துணியில் உள்ள ரசாயனங்கள் பற்றிக் கவலை இருந்தால் செர்டிபுர் (CertiPUR), ஓகோ-டெக்ஸ் (OEKO-TEX) போன்ற சான்றுகள் இருக்கின்றனவா பாருங்கள். அவை ரசாயனங்களுக்கான சோதனை. மெத்தை எத்தனை வருடம் உழைக்கும் என்பதை அவை சொல்வதில்லை. ஜிப் இருக்கிறதே என்று உறையைக் கழற்றவும் வேண்டாம். சில மெத்தைகளில் தீத்தடுப்புக்காக உள்ளே கண்ணாடி இழை வைக்கிறார்கள். அது வெளியே வந்தால் அறை முழுக்கப் பரவித் தோலில் அரிப்பெடுக்க வைக்கும். கழற்றலாம் என்று அட்டையில் இருந்தால் மட்டும் கழற்றுங்கள்.

7. இப்போது கடைக்குப் போகலாம்

வேலை முடிந்து அசதியோடு போகாதீர்கள். அப்போது எந்த மெத்தையும் சொர்க்கம். நன்றாகத் தூங்கி எழுந்த நாளில், தளர்வான உடையில், இருவர் படுப்பதென்றால் இருவரும் போங்கள். உங்கள் தலையணையைக் கையோடு எடுத்துப் போங்கள். கொஞ்சம் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. வேறு தலையணையில் கழுத்து மாறினால் தோளும் மாறும், சோதனையே வீண்.

உள்ளங்கையால் அமுக்குவதும், ஓரத்தில் உட்கார்ந்து குலுங்கிப் பார்ப்பதும் போதாது. எழுதிவைத்த கெட்டித்தன்மையில் மூன்று நான்கை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் 15 நிமிடம் உங்கள் வழக்கமான நிலையில் படுங்கள். விற்பனையாளரிடம் 'கொஞ்ச நேரம் தனியா விடுங்க' என்று சொல்லிவிடலாம். முதல் இரண்டு நிமிடம் எல்லாமே சுகம். தோள் பேசத் தொடங்குவது எட்டாவது நிமிடத்துக்கு மேல்தான்.

மல்லாந்து படுத்து, இடுப்பு வளைவுக்கு அடியில் கையை நுழையுங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை உங்களுக்குக் கெட்டி. நுழையவே இல்லையென்றால் மெது. லேசாக உரசிக்கொண்டு போனால் பொருத்தம். ஒருக்களித்துப் படுத்தால், பின்னாலிருந்து படுக்கை மட்டத்தில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கழுத்திலிருந்து வால் எலும்புவரை நேர்க்கோடாக இருக்க வேண்டும். கோடு நடுவில் தொங்கினால் மெது. தோள் மேலே தள்ளிக்கொண்டு நின்றால் கெட்டி.

அப்புறம் புரண்டு பாருங்கள். ஓரத்தில் உட்கார்ந்து செருப்பு மாட்டுவதுபோலக் குனியுங்கள், சரிகிறதா என்று தெரியும். கடைசியாக ஒன்று: காட்சிக்கு வைத்த மெத்தையில் எத்தனையோ பேர் படுத்து அது இளகியிருக்கும். வீட்டுக்கு வரும் புதியது அதைவிடக் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கும்.

8. பணம் கட்டும் முன்

ஆன்லைனில் வாங்கினால் படுத்துப் பார்க்க வழியில்லை. அதனால் திருப்பித் தரும் வசதி இல்லாத இடத்தில் வாங்க வேண்டாம். '100 இரவு சோதனை' என்பதில் குறைந்தது இத்தனை இரவு படுத்தபிறகே திருப்பலாம் என்று இருக்கலாம். எடுத்துப்போகும் செலவு யாருடையது, பணமாகத் தருவார்களா, வேறு மெத்தைதான் தருவார்களா? இவற்றை எழுத்தில் வாங்குங்கள்.

வாரண்டியில் வருடத்தைவிட முக்கியமானது பள்ளத்தின் அளவு. ஆள் இல்லாதபோது இத்தனை செ.மீ. பள்ளம் விழுந்தால்தான் மாற்றுவோம் என்று இருக்கும். 2.5 என்பதற்கும் 4 என்பதற்கும் நிறைய வித்தியாசம். மெத்தை இளகுவதைப் பொதுவாகக் குறையாக ஏற்பதில்லை. கறை படிந்தாலோ, தாங்கும் கட்டில் சரியில்லை என்றாலோ வாரண்டி போய்விடும். 10 வருட வாரண்டி என்றால் மெத்தை 10 வருடம் சுகமாக இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

9. வீட்டுக்கு வந்த பிறகு

சுருட்டி வந்ததை நாள்கணக்கில் அப்படியே வைக்காதீர்கள். கட்டிலில் வைத்துப் பிரியுங்கள். பிளேடு வேண்டாம், கத்தரிக்கோலால் ஓரத்தை மட்டும் வெட்டுங்கள். முழு உயரத்துக்கு எழும்ப ஒன்றிரண்டு நாள் ஆகலாம். புது ஃபோம் வாசனை சில நாள் இருக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். எழும்பிய பிறகும் எந்த மூலையாவது தாழ்வாகவே நின்றால் படம் எடுத்து உடனே தெரிவியுங்கள்.

முதல் இரவே ஈரம் புகாத உறையைப் போடுங்கள். கறை பட்டபின் வாங்கும் உறையால் பயனில்லை. பில்லையும் மெத்தையில் தைத்த அட்டையையும் படம் எடுத்துவையுங்கள், அட்டையை வெட்டாதீர்கள்.

பழக மூன்று நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் வரும் லேசான பிடிப்பைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. கழுத்து வலித்தால் முதலில் தலையணையைச் சந்தேகியுங்கள். மெதுவான மெத்தையில் தோள் உள்ளே இறங்குவதால் பழைய தலையணை உயரமாகிவிடும். கெட்டியான மெத்தைக்கு மாறியிருந்தால் தாழ்வாகும். மூன்று வாரம் கழித்தும் வலி ஏறிக்கொண்டே போனால் சோதனைக் காலம் முடியும்வரை காத்திருக்காமல் திருப்பிக் கொடுங்கள். அதற்காகத்தான் பழைய மெத்தையை அதுவரை வெளியே போடக் கூடாது.

முதல் வருடம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைப்பக்கத்தைக் கால்பக்கமாகத் திருப்புங்கள். இரண்டு பக்கமும் படுக்கத் தகுந்தது என்று போட்டிருந்தால் மட்டுமே புரட்டிப் போடுங்கள். இன்றைய பல மெத்தைகளில் மெதுவான அடுக்கு ஒரு பக்கம்தான்.

முதல் படியில் எடுத்த கம்பை மறுபடி எடுங்கள். மெத்தை முழுதாக எழும்பியதும் இடுப்பு படும் இடத்தில் குறுக்கே வைத்து, ஸ்கேலோடு ஒரு படம், நோட்டில் தேதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே இடத்தில் இதே படம். வாரண்டி கேட்டுப் போகும் நாளில் 'வாங்கும்போதே இப்படித்தான் இருந்திருக்கும்' என்று சொன்னால், முதல் நாள் படத்தை எடுத்து நீட்டலாம்.